அடியாளுக்கு ஒரே அடி

கேள்வி: ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் ஒரு சண்டை முடிவதற்குள் இரவே முடிந்துவிடுகிறது. சினிமா வேகத்தில் மாயாஜாலக் கதை நடத்த எளிய ஆட்டம் எது?

பதில்: ‘சாவேஜ் வேர்ல்ட்ஸ்’. ஷேன் ஹென்ஸ்லி உருவாக்கி 2003-இல் வெளிவந்தது.

1974-இல் பிறந்த டன்ஜன்ஸில் ஒவ்வொரு எதிரிக்கும் உயிர்ப்புள்ளி உண்டு. அடி விழ விழக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இருபது பூதங்கள் சேர்ந்து வந்தால் ஆட்டத்தை நடத்துபவர் கணக்குப்பிள்ளையாகிவிடுவார். சாவேஜில் அடியாளுக்கு ஒரே காயம், ஆள் காலி. நாயகன் மூன்று காயம் வரை தாங்குவான், நாலாவதில்தான் சாய்வான். நம் படங்களின் சண்டைக் காட்சியும் இந்தக் கணக்கில்தானே ஓடுகிறது!

பகடையும் சுலபம். பெரும்பாலான முயற்சிகளுக்கு 4 விழுந்தாலே வெற்றி. நாயகன் தன் திறமைப் பகடையோடு ஆறுமுகப் பகடை ஒன்றையும் உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பகடையின் உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டலாம். சரவிளக்கில் தொங்கிப் பாய்கிறவனுக்கு அடுத்தடுத்து அப்படி விழும்போது மேஜையே கூச்சல் போடும்.

சண்டையைவிடக் கதை முக்கியம் என்றால் 2012-இல் வந்த ‘டன்ஜன் வேர்ல்ட்’. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை, பாத்திரத்தின் திறன் எண்ணும் சேர்ந்து, 10-ஐத் தொட்டால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வெற்றியோடு ஒரு வில்லங்கமும் வரும். கதை நகர்வதே அந்த வில்லங்கத்தால்தான்.

உங்கள் சிக்கல் சண்டை என்பதால் சாவேஜையே எடுங்கள். நீண்ட கதையைத் தொடங்குமுன் ஒரு சண்டையை மட்டும் அதில் ஆடிப் பாருங்கள்.