மூலமும் அவனே, காரணமும் அவனே

பெருங்களத்தூரிலிருந்து சிறுசேரி வரைக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் ஒரு எழுதாத சட்டம் அமலில் இருக்கிறது. கமாண்டுக்குத் தப்பான விளக்கம் எழுதினவர் சீனியர். அதை நம்பி ராத்திரி இரண்டு மணிக்கு என்டர் தட்டினவன் குற்றவாளி. சர்வர் படுத்ததும் ‘மூல காரண அறிக்கை’ கேட்பார்கள். சேலையூரில் வாடகைக்கு இருக்கும் கான்ட்ராக்ட் பையன்தான் அதில் மூலமும், காரணமும்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். முதன்மை டேட்டாபேஸிலிருந்து மாற்று சர்வருக்கு நகலெடுக்க ‘பிஜி_பேஸ்பேக்கப்’ என்ற கமாண்டை ஓட்டினார்கள். அது வாயே திறக்கவில்லை. முதன்மை சர்வர் தரவு அனுப்பத் தொடங்கட்டும் என்று மௌனமாகக் காத்திருந்தது. அப்படிக் காத்திருக்கும் என்று நிறுவனத்தின் ரன்புக்கும் (படிப்படியான செயல்முறைக் குறிப்பு) தெளிவாகச் சொல்லவில்லை, அந்த டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸின் கையேடும் சொல்லவில்லை. மாற்று சர்வரில் கிடந்த பழைய கோப்புகள்தான் தொல்லை என்று நினைத்த பொறியாளர் அவற்றை அழிக்கப் போனார். அழித்தது முதன்மை சர்வரில்! ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்போ, பதிப்பு பொருந்தாமல் சத்தமின்றித் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லவேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு மீளவே இல்லை.

அந்த நிறுவனம் பொறியாளரைப் பலி கொடுக்கவில்லை. எங்கெங்கே சறுக்கினோம் என்று ஊரறிய எழுதிவைத்தது. இந்தக் கமாண்ட் தொடக்கத்தில் சும்மா இருப்பதுபோலத் தெரியும் என்ற எச்சரிக்கை இன்று போஸ்ட்கிரெஸ் கையேட்டில் இருக்கிறது. மொத்தம் ஒரு வாக்கியம்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நம் ஆபீஸில் டிக்கெட் போட்டுப் பாருங்கள். முன்னுரிமை: குறைவு. “இது கிளையன்டுக்கு பில் ஆகுமா?” என்பார் மேனேஜர். மூன்று மாதம் கழித்து, ‘பயனரின் கவனக்குறைவு’ என்று டிக்கெட்டை மூடுவார்கள். அதே வாரம் ‘அறிவுப் பகிர்வு தினம்’ என்று கேக் வெட்டுவார்கள், கைதட்டலுக்குக் குறைவிருக்காது.

நம் ஆபீஸ் ரன்புக்கைத் திறந்தால் ஏழாவது படி சொல்கிறது: “தேவைப்பட்டால் டைரக்டரியை அழிக்கவும்.” எந்த சர்வரில்? என்ன தெரிந்தால் தேவை? அழித்தபிறகு திரும்பக் கிடைக்குமா? பதில் இல்லை. எழுதின மகானைக் கேட்கலாமென்றால், அவர் ஆன்சைட் வாங்கிக்கொண்டு டல்லாஸுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. அவருடைய புரமோஷன் மடலில் ‘சிறந்த ஆவணமாக்கம்’ என்று பாராட்டு வேறு.

ஐயா மேனேஜர்களே, ஒவ்வொரு ரன்புக்கின் தலையிலும் எழுதினவர் பெயரையும் கடைசியாக ஓட்டிப் பார்த்த தேதியையும் போடுங்கள். அழிக்கும் கமாண்ட் எதுவானாலும் எந்த சர்வர், என்ன விளைவு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். தப்பைச் சுட்டிக்காட்டுகிறவனுக்கு அப்ரைசலில் மதிப்பெண் கொடுங்கள். ஒரு வாக்கியத்தைத் திருத்தும் அரைமணி நேரம் பில் ஆகாது என்று கணக்குப் பார்க்கிறவர்கள், அந்த வாக்கியத்தால் பறிபோன வேலைகளையும் தங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளட்டும்.