மடக்கு டிராலி லட்சண விளக்கம்

சாஸ்திரம் செய்யப் புகுவோர் அதிகாரி, விஷயம், சம்பந்தம், பிரயோஜனம் என்னும் நான்கனையும் முதற்கண் கூறிவிட்டு மேற்செல்லுதல் மரபாகலின், நாமும் அம்மரபை மீறாது தொடங்குவோம். இவ்வாராய்ச்சிக்கு அதிகாரி யாவன் எனின், கலியாண மண்டபத்து வரவேற்புக் கச்சேரி முடிந்து, வந்தவரெல்லாம் பாடகியோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும் வேளையில், மேடையின் ஒரு மூலையில் மண்டியிட்டுத் தன் கேபிள்களைத் தானே சுருட்டிக்கொண்டிருக்கும் கீபோர்டுக்காரனே. வாய்ப்பாட்டுக்காரர் தம் வாத்தியத்தைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு வந்து போகிறவராதலின் அவருக்கு இதில் அதிகாரம் இல்லை. புல்லாங்குழல்காரருக்கு ஒரு கைப்பை போதும். கடவித்வானோ தம் பானையைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுகிறவர், அதைச் சக்கரத்தின்மேல் வைக்கச் சொன்னால் நம்மோடு பேச்சையே நிறுத்திவிடுவார். விஷயம், மடக்கு டிராலி. சம்பந்தம், மேற்சொன்ன கீபோர்டுக்காரனின் இடுப்புக்கும் அவனுடைய ஆம்ப்ளிஃபையருக்கும் உள்ள தீராப் பகை. பிரயோஜனம், அப்பகையின் நிவிர்த்தி.

வாத்தியங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லும் கலையைப் பற்றி நம் மொழியில் உள்ள பழஞ்சான்று பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது என்பதை ரசிகர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. நன்னனிடம் பரிசில் பெறப் புறப்பட்ட கூத்தர் கூட்டம், முழவும் ஆகுளியும் கொம்பும் குழலும் பிறவுமாகிய தம் கருவிகளையெல்லாம் பைகளில் இட்டுக் கட்டி, பாரம் ஒத்து நிற்கும்படி காவிக்கொண்டு மலைவழியே செல்வதையும், அப்பைகள் பலாக்காய்க் கொத்துப்போலத் தொங்குவதையும் பெருங்கௌசிகனார் நமக்குக் காட்டுகிறார். சுமையைச் சமன் செய்தல் என்ற தத்துவத்தை அக்கூத்தர் நன்கு அறிந்திருந்தனர் என்பது இதனால் பெறப்படும். அவர்கள் சக்கரத்தை ஏன் நாடவில்லை எனின், அவர்கள் சென்ற வழி அத்தகையது; இன்றைய மண்டபத்துப் பின்வாசலை நோக்க அம்மலைவழி எவ்வளவோ மேலானது என்பதை இவ்வாராய்ச்சியின் நடுப்பகுதியில் நிறுவுவோம்.

சக்கரத்தைக் கண்டுபிடித்த மனிதன் அதைத் தன் சுமையின் அடியில் பொருத்திக்கொள்ள நெடுங்காலம் தயங்கியது ஒரு விசித்திரமே. பயணப் பெட்டிக்குச் சக்கரம் வைக்கலாம் என்ற யோசனைக்கு அமெரிக்காவில் பெர்னார்டு சாடோ என்பவர் காப்புரிமை பெற்றது 1972-இல். மனிதன் சந்திரனில் கால் வைத்ததோ 1969-இல். சந்திரனுக்குச் சென்றவர்கள் தங்கள் பெட்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வீட்டிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். அக்காலத்து மேல்நாட்டு இசைக்குழுக்கள் விரும்பி வாசித்த ஹாம்மண்ட் பி-3 ஆர்கன், பெஞ்சும் மிதிகட்டைகளும் சேர ஏறக்குறைய 190 கிலோ எடையுள்ளது. அதை ஊர் ஊராகத் தூக்கிச் சென்றவர்களின் முதுகெலும்பின் சரித்திரத்தை எவரும் எழுதி வைக்காமற் போனது நஷ்டமே.

இனி லட்சணம். சக்கரமுடையதாய், சுமை தாங்குவதாய், வேண்டாதபோது மடங்குவதாய் உள்ளது மடக்கு டிராலி என்று கூறினால், தார்க்கிகர் உடனே அதிவியாப்தி தோஷம் காட்டுவர். திருவாரூர் ஆழித்தேருக்குச் சக்கரம் உண்டு. அது தாங்கும் சுமைக்குக் குறைவில்லை. திருவிழா முடிந்தபின் அதன் மூங்கிலும் துணியுமாகிய மேற்கட்டு அவிழ்த்து எடுக்கப்படுகிறது. ஆகவே அதுவும் மடக்கு டிராலியாகிவிடும். இதைத் தவிர்க்க ‘ஒருவனால் தள்ளப்படுவது’ என்ற அடைமொழியைச் சேர்த்தால் தேர் விலகும். ஆனால் குழந்தையை வைத்துத் தள்ளும் மடக்கு வண்டி உள்ளே புகுந்துவிடும். ‘வாத்தியச் சுமை ஏற்றப்பட்டது’ என்று மேலும் ஒன்று சேர்த்தால், கடையில் சுவரோரமாகச் சாத்தி வைத்திருக்கும் புது டிராலி டிராலியே அன்று என்னும்படி அவியாப்தி நேரும். ஆதலின் ‘வாத்தியச் சுமைக்குத் தகுதியுடையது’ என்று முடிப்பதே நேர். மூன்றாவதாகிய அசம்பவ தோஷத்துக்கு உதாரணம் வேண்டுவோர், “சார், இது ஆயுசுக்கும் உழைக்கும்” என்று கடைக்காரர் கூறும் லட்சணத்தைக் கொள்க.

தகுதி என்பது எதில் இருக்கிறது? இங்கேதான் உலகம் மயங்குகிறது. பூர்வபட்சம் யாதெனின், எத்தனை கிலோ தாங்கும் என்பதே தகுதி என்பது. கடைக்குப் போனவன் முதலில் கேட்பதும் அதுவே. கடைக்காரர் முதலில் சொல்வதும் அதுவே. அட்டைப் பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதும் அதுவே. “நூத்தம்பது கிலோ சார், நீங்களே ஏறி நில்லுங்க” என்று அவர் உபசரிக்க, வாங்க வந்தவரும் கூச்சத்தோடு ஏறி நின்று, முறியவில்லை என்று கண்டு, பணத்தைக் கொடுத்துவிடுகிறார். பளபளப்பான தரையில், நடுப்பலகையில், அசையாமல் நிற்கும் ஒருவரை டிராலி தாங்கியது என்பதால் பெறப்படுவது, அவர் இனிமேலும் பளபளப்பான தரையில் அசையாமல் நின்றால் தாங்கும் என்பது மட்டுமே. ஓடும் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி எழும் கணத்தில், அதன்மேல் விழும் பாரம் அட்டைப்பெட்டிக்காரர் கணக்கிட்ட பாரம் அன்று. மேலும் நான்கு சக்கரங்களும் சமமாகத் தரை தொடும் இடம் கடைகளில்தான் அதிகம்.

சித்தாந்தம் இது: டிராலியைத் தேர்ந்தெடுக்கச் செல்பவன் தன் சுமையை நிறுக்கும் முன், தான் கடக்க வேண்டிய வழியில் உள்ள மிக மோசமான ஓர் அங்குலத்தை அளக்கக் கடவன். வழி முழுவதும் நன்றாயிருந்து அந்த ஓர் அங்குலம் கெட்டிருந்தால் வழி முழுவதும் கெட்டதே.

இதைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புவோர் சென்னையில் முகூர்த்த நாளின் முன்மாலையில் எந்தக் கலியாண மண்டபத்துக்கும் போகலாம். முன்வாசலில் சிவப்புக் கம்பளமும் சாய்தளமும் உண்டு, ஆனால் டிராலியைக் கண்டவுடன் மானேஜர் கையை நீட்டிக்கொண்டு ஓடிவருகிறார்: “சார், இது மாப்பிள்ளை அழைப்புக்கு. நீங்க பின்னாடி சமையல் கட்டு வழியாப் போயிடுங்க.” சமையற்கட்டு வழி என்பது, கழுவிவிட்ட ஈரம் காயாத கடப்பைக் கல் தரை, அதன் குறுக்கே ஒரு சாக்கடை, மேலே கம்பி மூடி, கம்பிகளுக்கு இடையில் உள்ள சந்து, சிறிய சக்கரத்தின் அகலத்துக்கென்றே அளந்து வைத்ததுபோல் இருக்கும். “அண்ணே, மாட்டிக்கிச்சு” என்று பின்னால் தள்ளி வந்த பையன் சொல்வதற்குள் மேலே இருந்த ஸ்பீக்கர் பெட்டி முன்னோக்கிச் சாய்ந்துவிடுகிறது. அதைத் தாங்கிப் பிடித்து, சாம்பார் அண்டாவுக்கு வழிவிட்டு, அப்பால் சென்றால், கூடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு நிலைப்படி.

அந்நிலைப்படியின் உயரம் ஓர் அங்குலம் என்று கொள்வோம். டிராலியும் சுமையும் சேர்ந்து 80 கிலோ. அதில் பாதி, அதாவது 40 கிலோ, முன் சக்கரங்களின்மேல் நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பௌதிகமே இதற்குப் போதும். சக்கரம் நான்கு அங்குல விட்டமுடையதாயின், அதைக் கிடைமட்டமாக இழுத்துப் படிமேல் ஏற்ற அச்சின்மேல் நிற்கும் பாரத்தைப் போல 1.73 மடங்கு, அதாவது ஏறக்குறைய 69 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். எட்டு அங்குலச் சக்கரமாயின் 0.88 மடங்கு, அதாவது 35 கிலோ போதும். படி இரண்டு அங்குலமாகிவிட்டாலோ, நான்கு அங்குலச் சக்கரத்தின் அச்சும் படியின் விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுமாதலின், கிடைமட்டமாக வீமசேனனே இழுத்தாலும் அது ஏறாது, படியைத்தான் பெயர்க்கும். தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்குவதற்கு டிராலி எதற்கு? நூற்றைம்பது கிலோ தாங்குவதாகப் பெருமைப்பட்ட அந்த வண்டி இரண்டு அங்குலக் கருங்கல்லிடம் தோற்று நிற்பதை அட்டைப்பெட்டியில் எவரும் அச்சிடுவதில்லை. படியைத் தாண்டும்போது தள்ளாமல், திரும்பி நின்று தன் பக்கமாக இழுப்பவன் அறிவுடையவன். தள்ளும் கை சுமையைக் கீழே அழுத்துகிறது, இழுக்கும் கையோ அதைச் சற்று மேலே தூக்குகிறது.

சக்கரத்தின் பருமன் இவ்வாறு தீர்ந்தது. அதன் தாதுவைப் பற்றியும் சிறிது கூறுவோம். கெட்டிப் பிளாஸ்டிக் மலிவானது, சிமெண்டுத் தரையில் கடகடவென்று ஓடி, தான் வருவதை முன்கூட்டியே சபைக்கு அறிவிப்பது. அந்த அதிர்ச்சி முழுவதும் மேலே இருக்கும் மிக்சரின் உள்ளே உள்ள பற்றவைப்புகளுக்குப் போய்ச் சேருகிறது. காற்றடைத்த சக்கரம் மிருதுவானது. ஆனால் ஆணி கண்டால் அடங்கிவிடும், பஞ்சர் கடையும் இரவு பன்னிரண்டு மணிக்குத் திறந்திராது. கெட்டி ரப்பர் இரண்டுக்கும் நடுவானது. எண்ணெய் காணாத சக்கரத்தின் கிரீச்சொலி எந்த ஸ்வர ஸ்தானம் என்பதில் வித்வான்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. அந்தர காந்தாரம் என்பர் ஒரு சாரார். தள்ளும் வேகத்துக்குத் தக்கபடி ஸ்தானம் அசைகிறதாதலின் அதைக் கமகம் என்றே கொள்ள வேண்டும் என்பர் மற்றொரு சாரார். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு இவ்விவாதத்தை முடித்து வைக்கும். ஆனால் எண்ணெய் விடுமுன் அச்சைக் குனிந்து பார்க்க வேண்டும்: மண்டபத்துத் தரையில் உதிர்ந்து கிடக்கும் மல்லிகைச் சரத்தின் வாழைநாரும், ஜிகினாத் தாளின் கீற்றும், யாரோ ஒரு பெண்மணியின் தலைமுடியும் அதில் இறுகச் சுற்றிக்கொண்டு, ஒரு சிறு கூடுபோல் ஆகியிருக்கும். திரும்பாத சக்கரத்துக்குப் பாதி காரணம் பழுது அன்று, பூ. நான்கு சக்கரங்களும் எல்லாப் பக்கமும் திரும்புவதை ஒரு சிறப்பாகச் சொல்லி விற்பார்கள். சாய்தளத்தில் குறுக்காக ஏறும்போது அத்தகைய வண்டி பக்கவாட்டில் சரிந்து சுவரோடு உறவாடப் போகும். இரண்டு நிலையாகவும் இரண்டு திரும்புவனவாகவும் இருப்பதே உத்தமம்.

அடுத்தது மடக்கும் மூட்டு. மடங்குதல் என்பது ஒரு குணம் போலத் தோன்றினும் தத்துவத்தில் அது ஒரு பலவீனமே. எந்த இடத்தில் டிராலி மடங்குகிறதோ அந்த இடத்தில்தான் அது முறிவதற்கும் சித்தமாயிருக்கிறது. ஆகவே கடையில் ஏறி நிற்பதைக் காட்டிலும், கைப்பிடியை நிமிர்த்திப் பூட்டிவிட்டுப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது நலம். புதிதாயிருக்கும்போதே லொடலொடவென்று ஆடும் கைப்பிடி, ஆணித்துளைகள் தேய்ந்தபின் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பூட்டும் தாழ் இரும்பா, பிளாஸ்டிக்கா? மூட்டில் இருப்பது தட்டி மூடிய ரிவெட்டா, கழற்றி இறுக்கக்கூடிய போல்ட்டா? போல்ட்டாயின் தெருமுனைச் சைக்கிள் கடையிலும் வைத்தியம் உண்டு.

இதில் சங்கீதக்காரர்களுக்கென்றே உரிய ஒரு சூட்சுமம் இருக்கிறது. மற்றவர்களுடைய விரல் மூட்டில் அகப்பட்டால் வலியோடு போயிற்று. ஆனால் வீணைக்காரரும் வயலின்காரரும் கிடார்க்காரரும் மிருதங்கக்காரரும் தம் ஜீவனத்தைப் பத்து விரல்களின்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். மடக்கு டிராலியை மடக்குவதற்குத் தாழை அழுத்தும் கட்டைவிரல், வில்போல் திடீரென்று விழும் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும்படி அமைத்த சிற்பியை, இசையின் சத்துரு என்று கூறினாலும் குற்றமில்லை. அதனால் கடையிலேயே, கடைக்காரர் மடக்கிக் காட்டுவதைப் பார்த்து வியந்து நில்லாமல், தானே ஒரு கையால் மடக்கிப் பார்க்க வேண்டும். மற்றொரு கையில் கேபிள் சுருள் இருப்பதாகவும், தூக்கம் கண்ணைச் சுழற்றுவதாகவும் பாவித்துக்கொள்ள வேண்டும்.

பிரேக் என்பதை மேல்நாட்டார் தந்த புதுமை என்று எண்ணுவோர், முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்தவும் திருப்பவும் தெரிந்தவர்கள் நம்மவர்கள் என்பதை மறந்தவராவர். ஆழித்தேருக்கே பின்னாளில் திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். கட்டைவிரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் மிதியை நம்பி ஆம்ப்ளிஃபையரைச் சாய்தளத்தில் விட்டுவிட்டு நகர்வோர் இதைச் சிந்திக்க வேண்டும். பையில் ஒரு மரக்கட்டை கிடப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஏற்றும் முறை பற்றி விரிக்க வேண்டியதில்லை. கனமானது அடியில், இலேசானது மேலே, கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை மாத்திரம் நம்பாமல் இறுக்கிப் பூட்டும் நாடா ஒன்று. எண்பத்தெட்டுக் கட்டைக் கீபோர்டு ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நீளமுள்ளதாதலின், பலகையைத் தாண்டி இரு புறமும் நீட்டிக்கொண்டு நின்று, லிப்டின் கதவையும் எதிரே வருவோர் முழங்காலையும் பதம் பார்க்கும். மடித்த டிராலி குட்டி யானை வண்டியில் எங்கும் கிடக்கும். ஆட்டோவில் செல்வோர் மட்டும் ஒரு நூலால் பின்சீட்டை அளந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது நன்று.

இறுதியாக இரவல் என்னும் அதிகாரம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவரிடம் உறுதியான டிராலி இருக்கிறது என்ற செய்தி, அவர் சங்கீதம் வாசிக்கிறார் என்ற செய்தியைக் காட்டிலும் வேகமாகப் பரவுகிறது. இருபது லிட்டர்த் தண்ணீர்க் கேன், காஸ் சிலிண்டர், ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டை, வீடு மாற்றுவோரின் பீரோ என்று அது ஒவ்வொரு மாடிக்கும் போய்வரும்; டிராலியின் உறுதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவாக அது தன் சொந்தக்காரரிடம் இருக்கும். “சார், ஒரே நிமிஷம், கேன் மட்டும் ஏத்திட்டுத் தந்துடறேன்” என்று கேட்பவரிடம் மறுக்க வாய் வராது. பிரேக் பழுது என்று சொல்லிவைப்பது அனுபவஸ்தர் கையாளும் உபாயம். ஆனால் மூன்றாவது மாடிக்காரர் ஓய்வு பெற்ற மெக்கானிக்காக இருந்துவிட்டால், அவர் ஸ்பானரோடு வந்து அதைச் சரி செய்துவிட்டு, செய்த உபகாரத்துக்காகத் தானே முதலில் எடுத்துக்கொண்டு போவார்.