சாமியே சொல்லிச்சு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுன்னு

வா தம்பி, உக்காரு. காலுல செருப்பு இல்ல, இடுப்புல மஞ்ச வேட்டி, கழுத்துல மாலை. விரதம்னு பாத்தாலே தெரியுது. எத்தனாவது விரதம்னு உன்னக் கேக்கல, உன் வீட்டுக்காரியக் கேட்டா வெரல் விட்டுச் சொல்லுவா. தைப்பூசத்துக்கு 48 நாள். மூச்சு விடுறதுக்குள்ள பங்குனி உத்திரம், அப்புறம் ஆடித் திருவிழா, புரட்டாசி, கந்த சஷ்டி, கார்த்திகை பொறந்தா ஐயப்பன். நம்ம கேரி தீவு செம்பனைக்குக்கூட வெட்டுக்கு வெட்டு பத்து நாள் ஓய்வு உண்டு, உன் வீட்டுக்கு இல்ல.

பாய் தனி, தட்டு தனி, சட்டி தனி. சரி, அந்தத் தனிச் சட்டிய யாரு கழுவுறது? அவதான். விரதம் ரெண்டு பேருக்கும், மாலை மட்டும் உனக்கு!

சாமி வேணாம்னு சொல்ற ஆளு இல்லப்பா நான். பத்துமலை 272 படியும் காவடியோட ஏறுனவன். கோலாலம்பூர் மாரியம்மன் கோயில்லருந்து ராத்திரி கெளம்புற வெள்ளி ரதத்த உத்துப் பாத்திருக்கியா? முருகன் தனியாவா போறாரு? வள்ளி ஒரு பக்கம், தெய்வான ஒரு பக்கம். நீ இருக்குற ஒருத்தியையும் வீட்டுல விட்டுட்டு உருமி மேளக்காரனுங்களோட வேன்ல ஏறுற. கிள்ளான் லிட்டில் இந்தியாவுல மயிலிறகு வாங்கறப்ப பேரம் பேசமாட்ட. புள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து கேட்டா மட்டும், "சம்பளம் வரட்டும்."

குங்கிலியக் கலய நாயனார் கதைய எடுத்து எங்கிட்ட நீட்டாத, எனக்கும் தெரியும். சேக்கிழார் பெரியபுராணத்துல எழுதி வெச்சிருக்காரு. திருக்கடவூர்ல சாமிக்குக் குங்கிலியத் தூபம் போட்டே சொத்தக் கரைச்ச மனுசன். வீட்டுல புள்ளைங்க பட்டினி. பொண்டாட்டி தாலியக் கழட்டிக் குடுத்து, நெல்லு வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனா. வழியில குங்கிலிய மூட்டையோட ஒருத்தன் வந்தான். தாலி போச்சு, மூட்டை வந்துச்சு. அதக் கோயில்ல சேத்துட்டு மனுசன் அங்கயே தங்கிட்டாரு.

நீங்கல்லாம் இந்த எடத்துலயே கதைய நிறுத்திருவீங்க. மேல கேளு. சாமி மொதல்ல யாரு கனவுல வந்துச்சு? பசியோட படுத்திருந்த அந்தப் பொம்பள கனவுல. வீடு நெறைய நெல்லும் பொன்னும் குடுத்துச்சு. அவ எந்திரிச்சு ஒலை வெச்ச பின்னாடிதான் கோயில்ல இருந்தவருக்குச் சேதி: உனக்குப் பசிக்குது, வீட்டுக்குப் போய்ப் பால்சோறு சாப்பிடு. சாமியே வந்து வீட்டுக்குத் தொரத்த வேண்டியிருந்துச்சு பாரு அந்த மனுசன. உன்னத் தொரத்த நாந்தான் இருக்கேன். குபேரன் நம்ம லயத்துப் பக்கம் வந்ததா நான் கேள்விப்படல, தவணைக்காரன்தான் வர்றான்.

இதையே மாத்திப் பாரு. பக்தி அவளுக்கு முத்துனா நீ என்ன செய்வ? காரைக்கால் அம்மையார் புருசன் பரமதத்தன் என்ன செஞ்சான்? அந்தம்மா கையில மாம்பழம் வந்ததப் பாத்து வெலவெலத்துப் போயி, வியாபாரம்னு கப்பலேறி, பாண்டி நாட்டுல வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டான். ஆம்பளைக்குச் சாமி வந்தா பொம்பள காத்துக் கெடக்கணும், பொம்பளைக்கு வந்தா ஆம்பள கப்பலேறலாம், நல்ல நியாயம்! நம்ம தீவுலயும் துறைமுகம் வருதுன்னு ரொம்ப நாளாப் பேச்சு. வந்தா அவளுக்கும் வசதிதான்.

மொறைக்காத. மாலையக் கழட்டச் சொல்லல. இந்த ஞாயித்துக்கெழம பாலந் தாண்டி பந்திங் பக்கம் அவளக் கூட்டிட்டுப் போ, புள்ளைக்குச் சப்பாத்து வாங்கு. அடுத்த விரதம் எப்பன்னு அவளையும் ஒரு வார்த்த கேளு. அதுவரைக்கும் அந்தத் தனிச் சட்டிய நீயே கழுவு. மாலை போட்டவன் சட்டி கழுவக்கூடாதுன்னு எந்தக் குருக்களும் எங்கிட்ட சொன்னதில்ல.