காத்துதானே!

ஷிப்ட் முடிந்ததும் உடம்பில் ஒட்டிய பஞ்சை ஏர் ஹோஸால் ஊதிவிட்டுப் பஸ் ஏறுகிறேன். மேஸ்திரி சத்தம் போடுகிறார். காத்துதானே சார்?
- நூற்பாலைத் தொழிலாளி, ராஜபாளையம்

நான் மேஸ்திரி கட்சி. அய்யனார் கோவில் மலையிலிருந்து இறங்கும் ஆடிக்காற்று சட்டையைத்தான் தூக்கும். கம்ப்ரஸர் காற்று சிறு வெட்டுக்காயம் கிடைத்தால் தோலுக்கு அடியில் புகுந்து வீங்க வைக்கும். ரத்தத்தில் குமிழாகக் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கண், காது ஜவ்வு எதையும் அது விட்டுவைக்காது. சுத்தம் செய்ய 30 பி.எஸ்.ஐ.க்குள்தான் காற்று இருக்கவேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி. அதுவும் மெஷினுக்கு, மனிதருக்கு இல்லை. கம்ப்ரஸர் லைனில் சாதாரணமாகவே 100 பக்கம் ஓடும்.

இன்னொன்று. நீங்கள் ஊதிய பஞ்சு மாயமாகிவிடுவதில்லை; அடுத்த ஷிப்டுக்கு வந்து நிற்பவரின் நெஞ்சுக்குள் போகிறது. பஞ்சுத்தூசி தரும் பைசினோசிஸ் நோயில், வார லீவு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள்தான் நெஞ்சு அதிகம் இறுக்கும். ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய 1936 முதல் உங்கள் ஊருக்குச் சோறு போடும் பஞ்சு அது. அதைத் தட்டிவிட ஒரு பிரஷ் போதும். வாக்குவம் இருந்தால் இன்னும் நல்லது.

இடைவேளையில் பையன்கள் ஏர் ஹோஸை ஒருவர்மேல் ஒருவர் பிடித்து விளையாடுகிறார்கள். கண்டித்தால் கோபிக்கிறார்கள்.
- சூப்பர்வைசர், சத்திரப்பட்டி

கோபித்துக்கொள்ளட்டும். 2024 மார்ச்சில் பெங்களூரு வாகன சர்வீஸ் நிலையம் ஒன்றில், விளையாட்டாக நண்பரின் பின்புறத்தில் பிடித்த காற்று குடலைக் கிழித்தது. அந்த இளைஞர் பிழைக்கவில்லை. போட்டிருக்கும் பேன்ட் இந்தக் காற்றைத் தடுக்காது. பையன்களை உட்காரவைத்து இதை அப்படியே சொல்லுங்கள்.

லாரி டயருக்குக் காற்றடிக்கும்போது எங்கே நிற்பது?
- பஞ்சர் கடைக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர்

ஆடிப்பூரத்தன்று தேர்ச் சக்கரத்துக்குக் கிட்டே போகாதே என்று அம்மா கையைப் பிடித்து இழுத்த ஊர் உங்களுடையது. லாரிச் சக்கரத்துக்கும் அதே பேச்சுத்தான். 100 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. மூன்றுக்கு நான்கு அங்குலமுள்ள உள்ளங்கை இடத்திலேயே 1,200 பவுண்டு, அரை டன்னுக்கு மேல்! டயரை ரிம்மில் பூட்டும் லாக் ரிங் சரியாக உட்காராவிட்டால் அந்த விசையோடு பறந்து வரும். டயரை இரும்புக் கூண்டுக்குள் வையுங்கள். டயர் வால்வைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பும் நீள ஹோஸும் வாங்குங்கள். ரிங்குக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். ரிங்கைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்வதெல்லாம் காற்றை முழுக்க இறக்கிய பிறகுதான்.

காற்றில் ஓடி நட்டு முடுக்கும் இம்பாக்ட் கன்னில் சாதா சாக்கெட் போடலாமா?

கூடாது. அடி தாங்காமல் உடைந்து தெறிக்கும். கனத்த இம்பாக்ட் சாக்கெட்தான் போடவேண்டும். சாக்கெட்டை மாற்றும்முன் காற்றை அடைத்து, ஹோஸில் மிச்சமிருப்பதையும் வெளியே விட்டுவிடுங்கள்.

கம்ப்ரஸர் டேங்குக்கு அடியில் திருகு எதற்கு?
- விசைத்தறிக்காரர், ராஜபாளையம்

காற்றோடு வரும் ஈரம் டேங்குக்குள் தண்ணீராகத் தங்கி, உள்ளிருந்தே தகட்டை அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். தினமும் திறந்து வடியவிடுங்கள். சேஃப்டி வால்வு சீறுகிறது என்று அதைக் கம்பியால் கட்டிவைக்காதீர்கள். இன்று சாயங்காலம் அந்தத் திருகைத் திறந்து பாருங்கள். செங்கல் நிறத்தில் தண்ணீர் வந்தால், டேங்கைச் சோதிக்க ஆள் வரும்வரை சுவிட்சைப் போடவேண்டாம்.