சித்தப்பாவும் என்-400 படிவமும்

எடிசன், நியூஜெர்சி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மேட்டூர் தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்ததா, நடவுக்கு ஆள் கிடைத்ததா என்றெல்லாம் கேட்க வேண்டியவன், இந்தத் தடவை உங்களைப் பற்றி உங்களிடமே விசாரித்து எழுதுகிறேன். கோபப்படாதீர்கள். விசாரிப்பது நான் இல்லை, அமெரிக்க சர்க்கார்.

எனக்கு க்ரீன் கார்டு வந்து ஐந்து வருஷம் நிறையப்போகிறது. நிறைந்தால் குடியுரிமைக்கு மனுப் போடலாம். 90 நாள் முன்கூட்டியே போடவும் இடம் கொடுக்கிறார்கள். அந்தக் கார்டுக்கு நான் நின்ற வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான். வேலை வழியாகக் கொடுக்கும் கார்டுகளில் எந்த நாட்டுக்கும் வருஷத்துக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது. நம் நூற்று நாற்பது கோடிக்கும் ஏழு, ஐஸ்லாந்துக்கும் ஏழு. மேடைக்கு மேடை சமத்துவம் பேசுவீர்களே, அதை இவர்கள் கறாராகக் கடைப்பிடிக்கிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மனுவின் பெயர் என்-400. தாளில் போட்டால் 760 டாலர், கம்ப்யூட்டரில் போட்டால் 710. ஆரம்பப் பக்கங்கள் சாது. பெயர், விலாசம், வேலை, பெண்டாட்டி, பிள்ளைகள். பிறகு பயணங்கள். ஐந்து வருஷத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நாட்டை விட்டு எப்போதெல்லாம் போனாய், என்றைக்குத் திரும்பினாய் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். மொத்தத்தில் 30 மாதமாவது உடம்பு இங்கே கிடந்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் தங்கினால் சந்தேகப்படுவார்கள். ஆகவே பெரியத்தை கருமாதி, உங்கள் மகள் கல்யாணம், அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் இப்போது அமெரிக்க ஆவணத்தில் ஏறப்போகின்றன. பாஸ்போர்ட் முத்திரைகள் பாதி அழிந்துவிட்டன. உங்கள் மருமகள்தான் வாட்ஸ்அப் படங்களைத் தோண்டி, 'இது அரக்குப் புடவை, அப்ப இது நிச்சயதார்த்தம், கல்யாணம் இல்லை' என்று தேதி கண்டுபிடிக்கிறாள். கல்வெட்டு ஆராய்ச்சிக்குப் போயிருக்க வேண்டியவள்.

அதற்கப்புறம்தான் சர்க்கார் மனம் திறந்து பேசுகிறது. உனக்குப் பரம்பரைப் பட்டம் ஏதாவது உண்டா, இருந்தால் துறப்பாயா என்று ஒரு கேள்வி. எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தார். பரம்பரைப் பட்டாமணியம் இல்லையா? 1980-இல் எம்.ஜி.ஆர். ஓர் அவசரச் சட்டம் போட்டு மணியம், கர்ணம் எல்லாவற்றையும் ஒழித்த அன்றைக்குத் தாத்தா சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்றும், நீங்கள் கொல்லைப்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தீர்கள் என்றும் அப்பா சொல்வார். எப்படியோ, அமெரிக்கா கேட்கிற பட்டத்தை எம்.ஜி.ஆரே பறித்துக்கொண்டு போய்விட்டதால் 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

செய்து பிடிபடாத குற்றம் ஏதாவது உண்டா என்று அடுத்து ஒரு கேள்வி. உண்மையாகவே இருக்கிறது, சித்தப்பா, நான் இட்டுக்கட்டவில்லை. இதை நம் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால் சிரித்துச் சிரித்தே பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தில் எங்கேயாவது, எந்தக் கம்யூனிஸ்ட் கட்சியிலாவது நீ எப்போதாவது உறுப்பினராக இருந்ததுண்டா, அல்லது எந்த விதத்திலாவது தொடர்புண்டா என்று கேட்கிறார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? தொடர்பு இல்லாமல் எங்கள் வயதுப் பிள்ளைகளில் எவன் வளர்ந்தான்? மே தினத்துக்குக் கொடி பிடித்திருக்கிறேன். மாநாட்டுக்கு உண்டியல் குலுக்கியிருக்கிறேன். நீங்கள் என்.சி.பி.எச். கடையில் வாங்கி வந்த, மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்களை முகர்ந்து பார்த்துத்தான் படிக்கவே ஆரம்பித்தேன்.

பயந்துபோய் ஒரு வக்கீலம்மாவிடம் கேட்டேன். பதினாறு வயதுக்குக் கீழே நடந்தது கணக்கில் வராதாம். மனுப் போடுவதற்கு முந்தைய பத்து வருஷத்தில் உறுப்பினராக இருந்திருந்தால்தான் சட்டம் தடுக்குமாம். ரேஷனுக்காகவோ வேலைக்காகவோ கட்டாயத்தில் சேர்ந்திருந்தாலும் மன்னிப்பு உண்டாம். 'ஆனால் கேள்வியில் எப்போதாவது என்று இருக்கிறது. இருந்தால் இருந்தது என்று எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால்தான் ஆபத்து' என்றார். என் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். சித்தப்பா மனுப் போடவில்லையே என்றார்.

மனுவுக்கு அப்புறம் நேர்காணல், அதில் பரீட்சை. இங்கிலீஷில் ஒரு வரி வாசிக்க வேண்டும், ஒரு வரி எழுத வேண்டும். அது போக, நாட்டைப் பற்றிய கேள்விகள். முன்பெல்லாம் நூறு கேள்வி படித்து, கேட்கிற பத்தில் ஆறு சொன்னால் போதும். 2025 அக்டோபரிலிருந்து கேள்விகள் 128 ஆகிவிட்டன. அவற்றில் இருபது வரைக்கும் கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக வர வேண்டும். எங்கள் மேல்மாடி மாமிக்கு வயது 65 தாண்டி, கார்டு வந்தும் இருபது வருஷம் ஆகிவிட்டதால் இருபது கேள்வி மட்டும் படித்தால் போதும், பதிலையும் தமிழிலேயே சொல்லலாம். மாமி என்னைப் பார்க்கும் பார்வையில் சீனியர் மாணவியின் பரிவு தெரிகிறது.

எனக்குப் பாடம் எடுப்பது பாப்பா. அவள் இங்கே பிறந்தவள், அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தத்தின் தயவில் பிறவிக் குடிமகள், அதனால் பரீட்சை கிடையாது. அந்தத் திமிரோடு கேட்கிறாள். கொரியப் போரில் அமெரிக்கா ஏன் இறங்கியது? கம்யூனிசம் பரவாமல் தடுக்க. வியட்நாம் போரில்? கம்யூனிசம் பரவாமல் தடுக்க. பனிப்போரில் அமெரிக்காவின் பெரிய கவலை என்ன? அதற்கும் கம்யூனிசம் என்று சொன்னால் மார்க் உண்டு. நீங்கள் வியட்நாமை எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் வேறு. ஆனால் ஒரு பதிலை வைத்து மூன்று கேள்வியைச் சமாளிக்கிறேன் என்றால், அந்த வகையில் உங்கள் கட்சி எனக்கு உதவிதான் செய்கிறது.

தேசிய விடுமுறைகளைச் சொல் என்றும் கேட்பார்கள். அந்தப் பட்டியலில் தொழிலாளர் தினம் இருக்கிறது, ஆனால் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை. மே ஒன்றாம் தேதி நான் ஆபீஸ் போகிறேன். எட்டு மணி நேர வேலைக்காக 1886-இல் சிகாகோவில் ரத்தம் சிந்திய இதே நாட்டில் மே தினத்துக்கு லீவு இல்லை. 1923-லேயே சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடிவிட்டார். இதைப் பாப்பாவிடம் சொன்னேன். 'இது 128-இல் இருக்கா?' என்று கேட்டாள்.

எல்லாம் தேறினால் கடைசியில் உறுதிமொழி. எந்த அந்நிய அரசனுக்கும், சிற்றரசனுக்கும், நாட்டுக்கும் இனி விசுவாசம் இல்லை என்று கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். அரசன் வரைக்கும் நீங்களே எனக்கு முன்னால் கையைத் தூக்குவீர்கள். நாடு என்கிற இடத்தில்தான் எனக்குத் தொண்டை கட்டுகிறது. நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. இங்கே சொல்லி முடித்தால் அங்கே போச்சு. பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம். விசா இல்லாமல் வரலாம், எத்தனை நாளும் தங்கலாம், ஓட்டுதான் போட முடியாது.

'குடியுரிமை மாறுவதற்குள் மேலண்டை மூன்று மாவை வாங்கிப் போடு' என்று போனில் சொன்னீர்கள். அது இப்போதே முடியாது. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியனும் சரி, ஓ.சி.ஐ.க்காரனும் சரி, விவசாய நிலம் விலைக்கு வாங்கக் கூடாது. அப்பா பங்கு வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்றால் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். உழுபவனுக்கே நிலம் என்று நீங்கள் போட்ட கோஷம் டெல்லியில் எவர் காதிலோ அரைகுறையாக விழுந்திருக்கிறது.

அப்படியானால் ஏன் மாறுகிறாய் என்று கேட்பீர்கள். விசாவில் இருந்தபோது, வேலை போனால் 60 நாளில் மூட்டை கட்ட வேண்டும் என்ற பயத்தோடு வருஷக்கணக்கில் தூங்கினேன். வரி கட்டுகிறேன், ஓட்டு இல்லை. ஓட்டில்லாமல் வரி கேட்டான் என்றுதான் இந்த நாடே இங்கிலாந்தை விட்டுப் பிரிந்தது, அதுவும் 128-இல் இருக்கிறது. உரிமையைக் கேட்டு வாங்கு என்று சொல்லி வளர்த்தவர் நீங்கள். வாங்குகிறேன், அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. நான் பிளஸ் டூ முடித்த வருஷம் இளைஞர் மன்றத்துக்கு ஆள் சேர்த்தீர்கள். ஊரில் மூச்சு விடுகிற எல்லோர் பெயரிலும் ரசீது கிழித்தீர்கள் என்று அம்மா சொல்கிறாள். என் பெயரிலும், எனக்குத் தெரியாமல், கிழித்தீர்களா? பரண் மேல் இருக்கும் அடிக்கட்டைகளைப் பார்த்து, உண்டு அல்லது இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். கட்சிக்கும் அதற்கும் என்ன உறவு என்று வக்கீலம்மாவிடம் விளக்குவது என் பாடு. பதிலைத் தபாலில் போடுங்கள். தயவுசெய்து மேலே 'தோழருக்கு' என்று மட்டும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்