பச்சை ஊரிலிருந்து ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: உயர்திரு அலுவலர் அவர்கள், நீர்வழி நோய் வரைபடப் பிரிவு, மாவட்டத் தலைநகர்.

பொருள்: எங்கள் ஊருக்குப் பச்சை வண்ணம் பூசியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

தாங்கள் வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்து ஊரே பூரித்துப்போயிற்று. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை மூன்றிலும் நாங்கள் பச்சை! படுத்திருப்பவர்கள் படுத்தபடியே கைதட்டினார்கள். எழுந்து நிற்க முடியாத நிலை, பொறுத்தருள்க.

சாதனையின் ரகசியம் எளிது. எங்கள் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் காலி; ஆகவே நோய் அறிகுறிகளைப் பதிந்து அனுப்பும் எஸ் படிவம் நிரப்ப ஆளில்லை. வயிற்றால் போனால் மெடிக்கலில் நாலு மாத்திரை. அதற்குப் படிவமே கிடையாது. தாங்காதவர்களைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே இருக்கிற கூட்டத்தில் ஊர்ப்பெயரை யார் கேட்கிறார்கள்? டாக்டரின் பி படிவம், லேபின் எல் படிவம் எல்லாம் சேர்ந்து சிவப்புப் புள்ளி டவுன் தலையில் விழுகிறது. பாவம், கேன் தண்ணீர் குடித்தும் அவர்களுக்குக் கெட்ட பெயர்.

1854-இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்றொரு மருத்துவர் காலராவுக்கு வரைபடம் போட்டார். பிழைக்கத் தெரியாதவர். வீடு வீடாகப் போய், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டார். தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் இறந்த ஓர் அம்மாளைக்கூட விடவில்லை. பிராட் தெரு பம்புத் தண்ணீரின் ருசிக்காக அதை வரவழைத்துக் குடித்தவர் அவர் என்று கண்டுபிடித்தார். ஸ்நோ பேச்சைக் கேட்டு பம்பின் கைப்பிடியையே கழற்றினார்கள். குடித்த இடத்தைத் தேடிப் போனால் இப்படித்தான் வேலை வந்து சேரும். தாங்கள் உஷார்.

எங்கள் ஊரில் ரேஷன் கடை எதிரே கேட் வால்வுக் குழி இருக்கிறது. பக்கத்துச் சாக்கடை வழிந்து அதில்தான் நிற்கும். தண்ணீர் விடுவதை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் குறைந்து, குழியில் நிற்பது வால்வின் விரிசல் வழியே உள்ளே போகும். மோட்டார் வைத்து உறிஞ்சுகிற புண்ணியவான்களும் கைகொடுப்பார்கள். அடுத்த முறை விட்டதும் முதல் நாலு குடம் டீ நிறம். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டுமாம். அதைத் தர வேண்டிய பிளீச்சிங் பவுடர் மூட்டையோ டேங்க் அடியில் கல்லாக இறுகிக் கிடக்கிறது.

ஒரே விண்ணப்பம். நோயாளியிடம் ஊரையும் குடித்த குழாயையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எங்களுக்குச் சிவப்பே பூசுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். அதற்கு முன்பாக அந்த வால்வை மாற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கடைசிக் குழாய்க்காரன்