பொதிகையில் ஏறும் பெட்டி

சங்கரன்கோவிலில் பருவம் இரண்டுதான்: வெயில், ஆடித்தபசுக் கூட்டத்து வெயில். ஆகவே ஜனவரியில் டெல்லி புறப்படும் மாமாவுக்கு ஸ்வெட்டர் தேடி அத்தை தெருவையே சல்லடை போட்டுச் சலித்துவிட்டார். கிடைத்தது யாரோ எப்போதோ ஊட்டியில் வாங்கியது. அந்துருண்டை வாசம் அடுத்த தெருவரை போகிறது. “ராத்திரி அஞ்சு டிகிரியாம்லா!” என்றதும் பெட்டியில் இன்னொரு டப்பா முறுக்கு ஏறியது. மாத்திரை? கோயில் புற்றுமண் பொட்டலம் இருக்கிறதே! அப்புறம் நம்மூர் விசைத்தறித் துண்டு நான்கு. ஒன்று மஃப்ளர், ஒன்று தலையணை, ஒன்று பொதிகை எக்ஸ்பிரஸில் இடம்போட. நாலாவது குற்றாலத்துக்காம். ரயில் போவது நேர் எதிர்த்திசை, மாதமோ மார்கழி. இருந்தாலும், திடீரென்று சாரல் விழுந்துவிட்டால்?